புதுக் கயிறு

"தாத்தா, மாட்டுக்கு ஊருக்குப் போற வழி தெரியுமா?"

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒருகாலத்தில் இப்படிக் கேட்டாள். பாளையங்கோட்டையிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த மாட்டுவண்டியில், வைக்கோலின்மேல் தாயின் மடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். வண்டி ஓட்டிய கிழவர் சிரித்தார்.

"அதுக்குத் தன் ஊருதான் தெரியும், தாயி. நம்ம ஊரை நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

வண்டியின் பின்பக்கத்தில் காய்ச்சலோடு ஒரு பையன் சுருண்டு கிடந்தான். பள்ளிக்கூட விடுதியில் காய்ச்சல் பரவியதால் பிள்ளைகளை அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். களக்காட்டுப் பக்கம் நடந்தே போய்விடலாம் என்று புறப்பட்டவன், ஊர் எல்லையைத் தாண்டுமுன் மருதமரத்தடியில் விழுந்துவிட்டான். அந்த வண்டி நின்றது. பெயர் கேட்காமல் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டது. சிறுமி தன் கையிலிருந்த கருப்பட்டியைக் கடித்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"சும்மா இல்ல. திருப்பித் தரணும்" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

பையன் தலையை ஆட்டினான். கருப்பட்டியில் மணல் நெருநெருத்தது. அவனுடைய ஊர்ப் பிரிவில் யாரோ அவனை இறக்கிவிட்டார்கள். நன்றாகக் கண் திறந்து பார்த்தபோது வண்டி போய்விட்டது. இருட்டில் அவர்கள் முகத்தைக்கூட அவன் சரியாகப் பார்க்கவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது. பெயர் சத்தியநேசன். போலீசில் எழுத்து வேலையை விட்டுவிட்டு, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். கர்த்தர் தொண்ணூற்றொன்பது ஆட்டையும் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனாரே, அந்த வேலையில் தனக்கும் ஒரு மூலை கிடைத்தது என்று அவர் சந்தோஷப்படுவதுண்டு.

1912-ம் வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. பாளையங்கோட்டையில் அவர் வீட்டு வாசலில் முகம்மது மைதீன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். மேலப்பாளையத்து ஜட்காக்காரன். சத்தியநேசனுக்கு வண்டியும் அவன்தான், துணையும் அவன்தான், தொந்தரவும் அவன்தான். குதிரைக்குத் 'துரை' என்று பேர் வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, துரை இன்னைக்குக் கோவமா இருக்காக. புல்லு பழசாம். கலெக்டருக்கு எழுதிப் போடப் போறாகளாம்."

சத்தியநேசன் சிரிக்கத் தொடங்குமுன் ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"பாக்கியசீலன்னு பேரு, அண்ணாச்சி. மூன்றடைப்புக்குத் தெற்க எங்க ஊரு. நேத்து மத்தியானம் எங்க மதினி கெசியா காலமாயிட்டாக. மூணு நாள் காய்ச்சல்தான்."

மைதீன் புல்லைக் கீழே வைத்தான்.

"மதினியோட அம்மா இங்கன ஒரு பெண்பிள்ளைக விடுதியில சமையல் பண்ணுதாக. சாலோமின்னு பேரு. நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல நான்தான் வந்து சொன்னேன்."

"என்னன்னு சொன்னீரு?"

"'மதினிக்குச் சுகமில்ல, உடனே வாங்க'ன்னேன். செத்துப் போனாகன்னு சொல்ல வாய் வரல. பேட்டையில இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் நான் சொல்லப் போகணும். 'நீ போ, நான் ஏதாவது வண்டியில தொத்திக்கிடுதேன்'னாக. இன்னைக்குக் காலையில தபால் வண்டியில எங்க ஊர் ஆளு வந்து, 'அத்தை இன்னும் வரலியே'ங்கான்."

"நடந்து போயிருப்பாங்களோ?"

"காலு ரெண்டும் வீக்கம். மருதமரம் வரைக்கும் நடந்ததே பெரிய காரியம்."

"அடக்கம் எப்போ?"

"வெயில் சாய. இந்தச் சூட்டுல அதுக்கு மேல வைக்க முடியாது. ஒரே பிள்ளை, அண்ணாச்சி. பெத்தவ முகம் பாக்காம எப்படி மூடுறது?"

சத்தியநேசன் சற்று யோசித்தார். "காதுல என்ன போட்டிருந்தாங்க?"

"பாம்படம். தங்கம்" என்றான் பாக்கியசீலன். அதைச் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியின் பொருள் அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏறும்வே" என்றான் மைதீன், பைய.

நெல்லை டவுன், ஆற்றுப் பாலம், பாளையங்கோட்டை என்று ஊர் காலை நீட்டிப் படுத்தவன் போலக் கிடந்தது. அதன் நடுவில் நின்று கை காட்டினால் வாடகை வண்டிதான் நிற்கும். இனாமாகப் போக வேண்டியவர்கள் ஊர் முடிகிற இடம்வரை நடந்து, தெற்கு எல்லையிலுள்ள மருதமரத்தடிக்குப் போவார்கள். மூட்டையைச் சாலையோரம் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பார்கள். வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. இடமும் இரக்கமும் உள்ள வண்டிக்காரன் மூட்டையைப் பார்த்து நிறுத்துவான். அவனும் ஊரைத்தான் கேட்பான், பேரைக் கேட்க மாட்டான்.

மரத்தடியில் சித்தி ஜனாபா அவித்த பயறு விற்றுக்கொண்டிருந்தாள்.

"ஏலே மைதீனு, காலங்காத்தால உன்னையும் குதிரையையும் யாருலே அவுத்து விட்டா?"

"குதிரையை நான் அவுத்தேன் சாச்சி. என்னைக் குதிரை அவுத்துச்சு. நேத்து அந்தியில காலு வீங்குன ஒரு பொம்பள இங்கன நின்னாகளா?"

சித்தி ஜனாபாவின் முகம் மாறியது. "நின்னா. பாவம், மூட்டையை வச்சிட்டு அழாம அழுதுக்கிட்டு நின்னா. மூணு வண்டி நிக்காமப் போச்சு. நாலாவது சுடலைமாடன் வண்டி. அவனும் தெற்கத்தியான்தான். நிறுத்தி ஏத்திக்கிட்டான்."

"சுடலைமாடனா?" மைதீன் உதட்டைப் பிதுக்கினான். "போன கோயில் கொடையில ஒருத்தன் மண்டையை உடைச்சவன்லா?"

"அவனேதான். இன்னொண்ணு கேளு. அவ ஏறி உக்காந்ததும் அரிவாளை எடுத்து மாட்டுக் கயித்துல கொஞ்சம் அறுத்தான். என்னத்துக்குன்னு இருட்டுல தெரியல." தராசுத் தட்டின் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "மிச்சம் கீழ கிடந்துச்சி."

வெள்ளை வெளேரென்ற புதுக் கயிற்றுத் துண்டு. விரற்கடை நீளம்தான் இருக்கும். பாக்கியசீலன் அதைப் பார்த்துவிட்டு மரத்தில் சாய்ந்தான்.

"கட்டிப் போட்டிருக்கான், அண்ணாச்சி. அத்தையைக் கட்டிப் போட்டு..."

"பொறும்" என்றார் சத்தியநேசன். "ஜனாபா, மாடு எப்படி? இளசா, பழசா?"

"பழகுன மாடுதான். கொம்பு நுனியெல்லாம் தேஞ்சிருந்துச்சி. ஆனா அவன் சொல்லுதது ஒண்ணும் கேக்கல. கிளம்புறதுக்குள்ள அவனுக்குத் தொண்டை கட்டிப் போச்சு."

சத்தியநேசன் கயிற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தெற்குச் சாலையில் ஒரு மைல் போனால் சுங்கச்சாவடி. அங்கே காந்திமதிநாத பிள்ளை மூங்கில் தடுப்பின்மேல் கை வைத்து, தூக்கமில்லாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி சுடலைமாடன் வண்டி வரவே இல்லவே."

"நீரு கண்ணசந்திருந்தா?" என்றான் மைதீன்.

"கண்ணசரவா? ஞானம்பாளுக்குப் பல்வலி. அவ தூங்கல. அவ தூங்காத வீட்டுல நான் தூங்கிட்டு மறுநாள் சோறு திங்க முடியுமாவே? விடிய விடிய இந்தத் திண்டுலதான் உக்காந்திருந்தேன். நான் மூங்கிலைத் தூக்காம ஒரு வண்டி தாண்டாது. தூங்கிக்கிட்டே வாற வண்டிக்காரன்களை எழுப்பி விடுறதும் நான்தான்."

மருதமரத்தடியில் அவளை ஏற்றிக்கொண்ட வண்டி, ஒரு மைல் தள்ளியிருந்த சாவடிக்கு வரவில்லை. இடையில் ஒரே ஒரு பிரிவு. கிழக்கே ஆற்றோரமாகத் திருச்செந்தூருக்குப் போகிற சாலை.

"கிழக்கே ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்றான் பாக்கியசீலன். அவன் குரல் உடைந்தது. "பனங்காட்டுக்குள்ள... பாம்படத்துக்காக..."

சத்தியநேசன் சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ, மிகவும் தூரத்திலிருந்து, ஒரு சின்னக் குரல் அவர் காதில் கேட்டது.

"மைதீன், மாட்டை விக்கிறவன் கயித்தோட விப்பானா?"

"எப்படி விப்பான்? கயிறும் சேந்து போனா வீட்டு லச்சுமியும் போயிரும்னு அவுத்து வச்சிக்கிடுவானே. வாங்குதவன்லா புதுக் கயிறு கொண்டு போகணும்."

"அப்போ மாடு பழசு, கயிறு மட்டும் புதுசுன்னா?"

மைதீன் வாயைத் திறக்குமுன் காந்திமதிநாத பிள்ளை பதில் சொன்னார்.

"அட, ஆமா! நாலு நாளைக்கு முந்தி சுடலைமாடன் ஒரு ஜோடி பிடிச்சிக்கிட்டு இந்த வழியாத்தான் போனான். செய்துங்கநல்லூர்ச் சம்சாரி ஒருத்தர்கிட்ட வாங்குனதா சொன்னான்."

"செய்துங்கநல்லூர் எந்தப் பக்கம்?"

"கிழக்க."

"ஊரைத் தாண்டினதும் வண்டிக்காரங்க கண்ணை மூடுவாங்க. மாடு சாலையைப் பாத்துக்கிடும், சாவடியில பிள்ளைவாள் எழுப்புவாருன்னு நம்பிக்கை" என்றார் சத்தியநேசன். "சுடலைமாடனும் அப்படித்தான் தூங்கியிருக்கணும். ஆனா அந்த மாட்டுக்கு அவன் ஊரு தெரியாது. தன் ஊருதான் தெரியும்."

அவர் பாக்கியசீலனின் தோளில் கை வைத்தார். "நீரு இங்கனயே தெற்கே போற வண்டியில ஏறும். ஊருக்குப் போயி, கூட்டிக்கிட்டு வாரோம்னு சொல்லும். உபதேசியாரை ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டச் சொல்லும்."

"உங்க உபதேசியாருக்கு அதைச் சொல்லியா குடுக்கணும்?" என்றான் மைதீன். பாக்கியசீலன் அழுதுகொண்டே சிரித்தான். கையில் மூட்டை ஏதும் இல்லாததால் தோளிலிருந்த துண்டை மடித்துச் சாலையோரம் வைத்துவிட்டு, ஓரடி தள்ளி நின்றான்.

கிழக்குச் சாலையில் துரை கோபத்தையெல்லாம் மறந்து ஓடினார். வெயில் ஏறியது. ஒரு பக்கம் ஆற்றுப் பாசன வயல்கள், மறுபக்கம் பனைகள். சத்தியநேசன் உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டு வந்தார். கயிற்றைப் பற்றித் தாம் நினைத்தது தவறாக இருந்தால் அந்தத் தாய்க்கு இனி ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

திடீரென்று மைதீன் கடிவாளத்தை இழுத்தான்.

"அண்ணாச்சி, எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா? மாடில்லாம ஒரு வண்டி வருது."

உண்மைதான். எதிரே ஒரு பாரவண்டி வந்துகொண்டிருந்தது. நுகத்தடியில் மாடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் மார்பை முட்டுக்கொடுத்து இழுத்தான். அவன் தோலில் வேர்வையும் புழுதியும் சேறாக ஒழுகின. பின்னால் வயதான ஒருவர் குனிந்து தள்ளினார். வண்டிக்குள் வீங்கிய கால்களை நீட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காதில் பாம்படம் ஆடியது. தட்டியில் கட்டியிருந்த வெள்ளைக் கயிற்று வளையத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நுகத்தில் இருந்தவன் சத்தியநேசனைப் பார்த்ததும் நின்றான்.

"ஐயா, உங்க வண்டி மேற்க போகுமா? இந்த அம்மா மகளுக்குச் சுகமில்ல. நான் பாவி, தூங்கிட்டேன்."

"சுடலைமாடனா நீ?"

"ஆமாய்யா. ரெண்டு ராத்திரியா தூக்கமில்ல. சாவடியில பிள்ளைவாள் எழுப்புவாருன்னு கண்ணை மூடினேன். இந்த அம்மாவும் அழுது அழுது அசந்துட்டாக. விடிஞ்சி பாத்தா மாட்டை வித்த இவரு வீட்டு வாசல்ல நிக்கேன். மாடு ரெண்டும் கதவை முட்டுது. அவுத்து விட்டதுதான், பழைய தொழுவுல போயிப் படுத்துக்கிச்சி. அடிச்சும் பாத்தேன், அழுதும் பாத்தேன், எந்திரிக்கல."

"வேற மாடு கட்டியிருக்கலாமே?" என்றான் மைதீன்.

பின்னால் நின்ற சம்சாரி மெதுவாகச் சொன்னார்: "எங்கிட்ட வேற மாடு இருந்தா இதை ஏன் விக்கேன் தம்பி? தெருவுல உள்ள மாடெல்லாம் விடியுமுன்ன சந்தைக்குப் போயிருச்சி. அந்த அம்மா நடக்கப் பாத்தாக. விழுந்துட்டாக. அதான் ரெண்டு பேருமா..."

மண்டையை உடைப்பவன் என்று பேர் வாங்கிய சுடலைமாடன் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். அவன் மார்பில் நுகத்தடி பட்ட இடம் கன்றிப் போயிருந்தது. சத்தியநேசன் அந்தக் கயிற்று வளையத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குத்தான் அறுத்தியா?"

"காலு ஊன முடியாதவுக. வண்டி ஆடும்லா? பிடிமானம் வேணுமேன்னு."

சாலோமியை ஜட்காவுக்கு மாற்றினார்கள். சுடலைமாடன் அவள் காலைத் தொட வந்தான். அவள் தடுத்தாள்.

"போதும்யா. மூணு வண்டி என்னைப் பாத்துட்டும் நிக்கல. நிறுத்துனவன் நீ ஒருத்தன்தான். அதை நான் மறக்க மாட்டேன்."

வண்டி திரும்பி மேற்கே ஓடியது. சத்தியநேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த வேலையில் அவருக்குப் பழகாத பகுதி இது ஒன்றுதான்.

"அக்கா... உங்க மகளைப் பத்தி..."

"தெரியும் தம்பி."

"யாரு சொன்னா?"

"பாக்கியசீலன்தான். வாயால சொல்லல. போகும்போது 'போயிட்டு வாரேன்'னு சொல்லாம இறங்கிப் போனான். சாவுத் துட்டி சொல்ல வந்தவன்லா அப்படிப் போவான்." அவள் மடியிலிருந்த மூட்டையைத் தடவினாள். "இதுல சுக்கும் மிளகும் அரைச்சி வச்சிருக்கேன். ஒருவேளை அவன் சின்னப் பிள்ளை, சொல்ல மறந்திருந்தாம்னா? அந்த ஒருவேளைக்குத்தான் கொண்டுவந்தேன்."

மைதீன் குதிரையைப் பார்த்தபடியே தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாலைப் பிரிவில், தூரத்தில் மருதமரம் தெரியத் தெற்கே திரும்பியபோது அவள் தானாகவே பேசத் தொடங்கினாள். துக்கம் நிறைந்தவர்களுக்குச் சில சமயம் பேச்சு வேண்டியிருக்கிறது.

"எங்க அப்பா வண்டியில இந்த வழியாத்தான் போவோம். 'மாட்டுக்கு ஊருக்குப் போற வழி தெரியுமா தாத்தா'ன்னு கெசியா கேட்டுத் தொளைச்சிருவா. ஒரு நாள் அந்த மரத்தடியில காய்ச்சலோட கிடந்த பையன் ஒருத்தனை ஏத்திக்கிட்டோம். இவ தன் கருப்பட்டியில பாதியைக் கடனாக் குடுத்துட்டா. வீட்டுக்குப் போயி ஒரே அழுகை, அவன் திருப்பித் தரலைன்னு. கல்யாணம் ஆன பிறகும் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் சிரிச்சிக்கிட்டே சொல்லுவா: 'அம்மா, எனக்கு இங்கன ஒருத்தன் கருப்பட்டி தரணும்.'"

"கடன்காரப் பய. இந்நேரம் எங்க இருக்கானோ!" என்றான் மைதீன்.

சத்தியநேசன் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்றடைப்பில் துரைக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார்கள். சத்தியநேசன் மட்டும் கடைத்தெருவுக்குள் போய், பனையோலையில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஓலை வேய்ந்த சின்னக் கோயிலின் பின்னால், கல்லறைத் தோட்டத்தில் ஊரே நின்றுகொண்டிருந்தது. உபதேசியார் ஜெபித்துக்கொண்டிருந்தார். மழைக்காக ஜெபித்தார், பயிருக்காக ஜெபித்தார், அரசருக்காகவும் அரசரின் குடும்பத்துக்காகவும் ஜெபித்தார், கடலில் போகிறவர்களுக்காகவும் சாலையில் போகிறவர்களுக்காகவும் ஜெபித்தார். எவ்வளவு நேரமாகவோ, அவர் தொண்டை கம்மிப் போயிருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பெட்டியின் மூடி பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. ஆணிகளைக் கையில் வைத்திருந்த தச்சர் ஜட்காவைப் பார்த்ததும் அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

உபதேசியார் "ஆமென்" என்றார்.

பாக்கியசீலனும் மைதீனும் இரண்டு பக்கமும் தாங்க, சாலோமி போனாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். "வந்துட்டேன் தாயி. மாட்டுக்கு வழி தெரியல" என்றாள். அதற்குமேல் அவள் சொன்னது அழுகையில் கலந்து, யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. சாலோமியைப் பெண்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மைதீன் குதிரையைப் பூட்டப் போனான். 'ஒரு ஜெபம் பண்ணிட்டு வாரேன்' என்று சொல்லிச் சத்தியநேசன் பின்தங்கினார்.

புதுமண்ணின் மேல் ஈரம் இன்னும் காயவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். வேலியோரம் ஒரு வெள்ளாடுகூட இல்லை. மண்டியிட்டு, ஓலைப் பொட்டலத்தைப் பிரித்து, கருப்பட்டியை வாயில் வைத்துக் கடித்து இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை மேட்டில் வைத்து, எறும்பு உடனே கண்டுவிடாதபடி ஒரு பிடி மண்ணால் மூடினார்.

மற்றப் பாதியைத் தாம் தின்றார். மணல் நெருநெருத்தது.